சூளையில் ஏழு கிண்ணம் அடுக்கினேன்

இந்த மாதிரி விஷயங்களில் என்னை நம்ப வேண்டாம் என்று முதலில் நானே சொல்லிவிடுகிறேன். ஒரு வாரப் பத்திரிகையில் பிழை திருத்திக்கொண்டிருந்த காலத்தில், வாசகர்களுக்கு நேர்ந்த அமானுஷ்ய அனுபவங்கள் என்று அதில் ஒரு பக்கம் வரும். வாசகர்கள் யாருக்கும் எதுவும் நேராத வாரங்களில் அந்தப் பக்கத்தை நிரப்பியது நான்தான். விழுப்புரம் சாந்தி நான்தான், ஆரணி ஆசிரியர் நான்தான், பெயர் வெளியிட விரும்பாத பஸ் கண்டக்டரும் நான்தான். மல்லிகைப்பூ மணக்கும், நாய் ஊளையிடும், விசாரித்தால் அந்தப் பெண் போன வருஷமே போய்ச் சேர்ந்திருப்பாள். முப்பது நாற்பது எழுதியிருப்பேன், எழுதி முடித்த கையோடு குறட்டைவிட்டுத் தூங்கியிருக்கிறேன். அப்படிப்பட்ட ஆள் வந்து, இது சத்தியமாக நடந்தது என்றால் நீங்கள் சிரிக்கத்தான் செய்வீர்கள். தாராளமாகச் சிரியுங்கள், நான் சொல்லிக்கொண்டே போகிறேன்.

சேரப்பணஞ்சேரியிலிருந்து ஒரகடம் போகும் வழியில், ரோட்டை விட்டு உள்ளே தள்ளி, ஒரு பழைய பம்ப்செட் கொட்டகையை வாடகைக்குப் பிடித்திருக்கிறேன். நாவல் எழுதத்தான் பிடித்தேன். அமைதி, வயல், கொக்கு என்றெல்லாம் கற்பனை. கொக்கு இருக்கிறது, ஒன்றே ஒன்று. மற்றபடி மூன்று பக்கமும் கம்பெனி காம்பவுண்டு, ஷிப்ட் பஸ், ரிவர்ஸ் எடுக்கும்போது பாட்டுப் பாடும் கண்டெய்னர் லாரி. நாவல் நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் நின்றுவிட்டது. கதாநாயகன் ஒரு கதவைத் திறக்கக் கையை நீட்டினான், நாலு வருஷமாக நீட்டியபடியே நிற்கிறான், பாவம், தோள் வலிக்கும். கைக்கு வேறு ஏதாவது வேலை கொடு என்று ஒரு நண்பர் சொல்ல, மண் பிசைய ஆரம்பித்தேன். மின்சாரத்தில் சுற்றும் சக்கரம் ஒன்று, கேஸில் எரியும் சின்னச் சூளை ஒன்று, இரண்டும் பழசு. காலையில் எழுத்து, மதியத்துக்கு மேல் மண் என்று ஏற்பாடு. காலையில் ஒன்றும் நடக்காததால் மதியம் ஒன்பதரைக்கே வந்துவிடும்.

கொட்டகையின் சொந்தக்காரர் கன்னியம்மா. பக்கத்திலேயே அவர் வீடு, மாடு, மாட்டுக்குப் புல். நான் ரைட்டர் என்று சொன்னதைப் போலீஸ் ஸ்டேஷன் ரைட்டர் என்று எடுத்துக்கொண்டு முதல் மாதம் முழுக்கப் பால் கொடுத்தனுப்பினார். விஷயம் தெரிந்ததும் பால் நின்றது. நான் வனைந்த முதல் கோப்பையை அவருக்குத்தான் கொடுத்தேன். அதை வாசல் இரும்பு கேட் மூடிக்கொள்ளாமல் இருக்க முட்டுக்கொடுத்து வைத்திருந்தார், நல்ல கனம் சார், காத்துக்கு நகரவே இல்ல என்று மனதாரப் பாராட்டவும் செய்தார்.

இசக்கிமுத்து விஷயம் வேறு. சங்கரன்கோவில் பக்கத்துக்காரன், வல்லம் வடகாலில் ஒரு பார்ட்ஸ் கம்பெனியில் லைன் சூப்பர்வைசர், மனைவி செண்பகத்தோடு படப்பையில் குடித்தனம். என்னைவிடப் பத்து வயது இளையவன். ஒரு நாள் வண்டி பஞ்சராகித் தண்ணீர் கேட்டு உள்ளே வந்தான், சக்கரத்தைப் பார்த்தான், உட்காரலாமா அண்ணாச்சி என்று கேட்டான். மூன்றே மாதத்தில் என்னைத் தாண்டிப் போய்விட்டான். அவன் விரல் பட்டால் மண் தானாக எழுந்து நிற்கும், என் விரல் பட்டால் படுத்துக்கொள்ளும். எனக்குப் பொறாமைதான், மறைக்க என்ன இருக்கிறது. ஆனால் நாலு வருஷத்தில் என்னோடு உட்கார்ந்து பேசிச் சிரித்த ஒரே ஆள் அவன்தான் என்பதையும் சொல்ல வேண்டும். என் பானைகளுக்கு அவன் ஒவ்வொரு பெயர் வைப்பான். ஒன்றுக்கு 'வாரிசு இல்லாத சொத்து' என்று பெயர்.

கல்யாணமாகி ஏழு வருஷம் ஆகிறது என்று, செண்பகத்துக்குக் கொடுக்க ஏழு கிண்ணம் வனைந்தான். ஏழும் ஒரே அளவு, விளிம்பு ஒரே வளைவு. வனைந்த புதிதில், இன்னும் சுடாத பச்சைக் கிண்ணத்தைப் பிளாஸ்டிக் ஷீட் போட்டு மூடிவைக்க வேண்டும், இல்லாவிட்டால் விளிம்பு முதலில் காய்ந்து அடி ஈரமாகவே நின்று விரிசல்விடும். அவன் நைட் ஷிப்டுக்குக் கிளம்பிவிட்டான், மூட வேண்டியது என் வேலை. நான் மறந்துபோய்த் தாம்பரத்தில் என் வீட்டுக்கு வந்து நிம்மதியாகத் தூங்கினேன். காலையில் பல் துலக்கும்போது ஞாபகம் வந்து அவனுக்குப் போன் செய்தேன். ஷிப்ட் முடிந்து ஓ.டி.யும் பார்த்து, தூங்காமல் இருந்தவன், நான் போய்ப் பாத்துக்கிடுதேன் என்றான். போனான், மூடினான், படம் எடுத்து அனுப்பினான். அதோடு ஒரு வரி: மூடியாச்சு, நீங்க அந்தக் கதவையாவது திறங்க. நான் சிரித்தேன். அவன் அங்கிருந்து மெயின் ரோட்டில் ஏறின இடத்தில் ஒரு லாரி.

தலையில் அடி. பதினோரு நாள் ஐ.சி.யூ.வில் கண்ணைத் திறக்காமல் கிடந்தான். பதினோராம் நாள் டாக்டர் செண்பகத்தைக் கூப்பிட்டு, இன்னும் இரண்டு நாள் பார்க்கலாம், அதற்குள் ஏதாவது அசைவு தெரிய வேண்டும், தெரியாவிட்டால் மனதைத் திடப்படுத்திக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருக்கிறார். அந்தப் பெண் வெளியே வந்து என்னிடம் அழவில்லை. வேறொன்று கேட்டாள்.

"அண்ணாச்சி, அந்தக் கிண்ணத்தச் சுட்டுக் கொண்டாங்க. அவுக கையில குடுத்துப் பாப்பம். நாங் கூப்ட்டு வரல. அதுக்காவது வாராகளான்னு பாப்பம்."

அன்று காலை அவனைக் கூப்பிட்டது நான்தான் என்று அவளிடம் அதுவரை சொல்லியிருக்கவில்லை. ஷீட்டுக்குள் மூடிக் கிடக்கும் மண் காய இன்னும் ஒரு வாரமாவது ஆகும் என்று எந்த வாயால் சொல்வது. சரிம்மா என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மறுநாள் விடிந்ததும் கொட்டகைக்குப் போய் ஷீட்டை விலக்கினேன். மண் காய்ந்துவிட்டதா என்று பார்க்க ஒரு வழி உண்டு, கிண்ணத்தை எடுத்துக் கன்னத்தில் வைக்க வேண்டும், ஜில்லென்று இருந்தால் உள்ளே ஈரம். அவன் அவ்வளவு அக்கறையாக இறுக்கி மூடியிருக்கிறான், ஏழும் கிணற்றுத் தண்ணீர் மாதிரி ஜில்லென்று இருந்தன. ஈர மண்ணைச் சூளையில் வைத்தால் உள்ளே இருக்கும் தண்ணீர் ஆவியாகி வெடிக்கும், முதல் நாள் மண் பிசைகிற குழந்தைக்குக்கூடத் தெரியும். தெரிந்தேதான் அடுக்கினேன். மேல்தட்டில் ஏழு. கீழ்த்தட்டைத் துடைத்துக் காலியாகவே விட்டேன், சூடு பரவட்டும் என்று. செண்பகத்துக்கு அனுப்ப ஒரு படம் எடுத்தேன், அப்புறம் கதவைப் பூட்டினேன். அந்தப் படம் இன்னும் என் போனில் இருக்கிறது, அதற்குத்தான் இவ்வளவு விவரமாகச் சொல்கிறேன்.

பற்றவைப்பதற்கு முன்னால் நான் செய்ததைச் சொன்னால் பழைய ஆபீஸ் நண்பர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். வல்லக்கோட்டை முருகன் கோயில் எந்தப் பக்கம் என்று கூகுளில் பார்த்து, அந்தத் திசையில் திரும்பி நின்று கும்பிட்டேன். இருபது வருஷமாக வாசல்படி மிதிக்காதவன், விண்ணப்பத்தின் வாசகம்கூட எனக்குச் சரியாக வரவில்லை. முருகா, இந்த ஏழும் உடையாமல் வந்தால் அவனும் வரட்டும் என்றேன். சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது. ஒரு மனிதனின் உயிரை ஏழு ஈரக் கிண்ணத்தோடு முடிச்சுப் போட்டிருக்கிறேன். திரும்ப வாங்கிக்கொள்ளலாமா என்றுகூட ஒரு நிமிஷம் நின்றேன்.

இரண்டு மணி நேரம் மெல்லிய தீயில் வைத்தேன். ஒரு முழுநாள் வைத்திருக்க வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு மேல் என்னால் உட்கார முடியவில்லை, தீயைக் கூட்டினேன். எட்டேகாலுக்கு உள்ளே 'தொம்' என்று ஒரு சத்தம். பெரிய சத்தமெல்லாம் இல்லை, பக்கத்து அறையில் யாரோ தலையணையைக் கீழே போட்ட மாதிரி. ஆனால் மண் வேலை செய்கிறவனுக்கு அந்தச் சத்தம் தெரியும். அப்புறம் இன்னொன்று. அப்புறம் இரண்டு சேர்ந்தாற்போல. அதற்குமேல் நான் எண்ணவில்லை, காதைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

மாட்டுக்குப் புல் அறுக்க வந்த கன்னியம்மா எட்டிப் பார்த்து, இன்னா சார் உள்ள எதுனா வெடிக்குதா என்று கேட்டார். நான் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். மூட மறந்தது, போன் செய்தது, லாரி, டாக்டர் சொன்ன இரண்டு நாள், முருகனிடம் போட்ட முடிச்சு, எல்லாம். ஐம்பது வயது ஆள், மூக்கு ஒழுக ஒழுக. அவர் அரிவாளைக் கீழே வைத்துவிட்டு எதிரே குந்தி உட்கார்ந்து கேட்டார். நான் எழுந்து கேஸை மூடப் போனேன், உள்ளே ஓட்டுக் குவியல்தான் மிச்சம், எதற்கு எரிக்க வேண்டும்.

"ஆஸ்பத்திரில மிசின் இன்னும் ஓடிகினு தானே கீது? அத்த அவங்க நிறுத்தல. நீ எதுக்கு இத்த நிறுத்தற?"

அவர் அதுவரை என்னை நீ என்று சொன்னதில்லை. நான் கையை எடுத்துவிட்டேன். சாயங்காலம் மூன்றரை வரை எரிந்தது. சூடு போதும் என்று காட்டுவதற்கு உள்ளே ஒரு சின்னக் கூம்பு வைத்திருப்போம், அது தலைகுனிந்ததும் கேஸை மூடினேன். ஆறுவதற்குள் திறந்தால் மிச்சமும் உடையும், அதனால் மறுநாள் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன், அவன் அப்படியேதான் இருக்கிறான் என்றாள் செண்பகம், சுட்டாச்சா என்று கேட்டாள். ஆச்சும்மா என்றேன்.

மறுநாள் காலை ஒன்பது மணி, நல்ல வெயில். கன்னியம்மா கூடவே வந்து நின்றார். கதவைத் திறந்தேன்.

மேல்தட்டில் ஏழு கிண்ணமும் இருந்தன. வைத்தது வைத்தபடி, ஒரு கீறல் இல்லாமல். ஒவ்வொன்றாக எடுத்து நகத்தால் சுண்டினேன், ஏழும் 'டங்' என்று பாடின, விரிசல் இருந்தால் அப்படிப் பாடாது. கீழ்த்தட்டில் ஒரு குவியல் ஓடு. உடைந்து சிதறிய கிண்ணத்தின் ஓடு. மேலே இருப்பதில் ஒன்று விழுந்திருக்கும் என்று மறுபடி எண்ணினேன். ஏழு. கன்னியம்மாவும் விரல் வைத்து எண்ணினார். ஏழு கீதே சார் என்றார். அப்புறம் குவியலைப் பார்த்து, அப்ப இது யாருது என்று கேட்டார். அவர் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு வெளியே போனவர்தான், இன்றுவரை அந்தக் கொட்டகைக்குள் கால் வைக்கவில்லை. வாடகையைக்கூடக் கேட்டுக்கு வெளியே நின்றுதான் வாங்கிக்கொள்கிறார்.

ஓடுகளை ஒரு பெயின்ட் பக்கெட்டில் அள்ளிப் போட்டுவிட்டு, ஒரு கிண்ணத்தைத் துண்டில் சுற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். செண்பகம் அதை அவன் கையில் வைத்து விரல்களை மடக்கினாள். ஒரு மணி நேரம் ஒன்றுமில்லை. நான் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டேன். அண்ணாச்சி என்று அவள் கூப்பிட்ட குரலில் திரும்பினேன். அவன் கட்டைவிரல் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தது. மேடு பள்ளம் இருக்கிறதா என்று பார்க்கிற தடவல், அவன் எப்போதும் செய்வது. தானாக வரும் அசைவாக இருக்கலாம் என்றார் நர்ஸ். அதிலிருந்து நாலாம் நாள் கண்ணைத் திறந்தான்.

மூளை வீக்கம் வடிந்திருக்கிறது, சிலருக்கு இப்படி வடியும் என்று டாக்டர் விளக்கினார். முழு மனதாக ஏற்றுக்கொள்கிறேன். அன்று காலை போன் செய்ததை அப்புறம் செண்பகத்திடம் சொன்னேன், சொல்லாமல் சோறு இறங்கவில்லை.

"தெரியும் அண்ணாச்சி. அவுக போன்ல கடைசியா வந்தது உங்க நம்பர்தான்."

தெரிந்தேதான் கிண்ணத்தைச் சுட்டுவரச் சொல்லி என்னிடம் கேட்டிருக்கிறாள்.

நடக்கிற அளவுக்குத் தேறிய பிறகு இசக்கியிடம் எட்டாவது கிண்ணத்தைப் பற்றிச் சொன்னேன். அவன் தொண்டை இன்னும் கரகரவென்று இருந்தது, ஆனாலும் வாய் மட்டும் பழைய வாய்தான். "வெடிச்சிருக்குன்னா அது உங்க கைவேலையாத்தான் இருக்கும் அண்ணாச்சி. வேற யாரு செய்வா." இரண்டு பேரும் சிரித்தோம். அதோடு விட்டிருக்க வேண்டும். நான் போய் பக்கெட்டைத் திறந்து ஓடுகளை ஒட்ட உட்கார்ந்தேன்.

முதல் நாளே அடித்துண்டு என் வலது கட்டைவிரலைக் கிழித்துவிட்டது. ஒரு தடவை மட்டும் சுட்ட ஓடு பொதுவாக இவ்வளவு கூர்மையாக இருக்காது. ஆழமான வெட்டு, ரேகைக்கு நடுவில் சாய்வாக ஓடி முனையில் கொக்கி மாதிரி வளைந்திருந்தது. ஒரகடத்தில் ஒரு கிளினிக்கில் நாலு தையல் போட்டார்கள். ஒன்றரை மாதம் எதையும் தொடவில்லை. தழும்பு ஆறிய பிறகு மறுபடி உட்கார்ந்து மிச்சத்தையும் ஒட்டி முடித்தேன். ஒரே கிண்ணம், முழுசாக நின்றது, அன்று கேட்ட அத்தனை சத்தமும் இது ஒன்று துண்டு துண்டாகப் போனதுதான். அவ்வளவு மெல்லிசு, வெயிலில் பிடித்தால் விளிம்பு வெளிறித் தெரியும். இசக்கியே இவ்வளவு மெல்லிசாக வனைந்து நான் பார்த்ததில்லை. என்னைப் பற்றிப் பேசவே வேண்டாம், என் கோப்பை கேட்டுக்கு முட்டுக்கொடுக்கிற கோப்பை.

அடியில் என் ரத்தக்கறை இருந்தது. கழுவினேன். கறைக்குக் கீழே ஒரு கட்டைவிரல் ரேகை. பச்சை மண்ணில் அழுத்தி, அப்படியே சுட்டு இறுகியது. ரேகைக்கு நடுவே சாய்வாக ஒரு கோடு, முனையில் கொக்கி. கோட்டின் இரண்டு ஓரத்திலும் சின்னச் சின்னப் புள்ளிகள், எதிரெதிராக நாலு ஜோடி.

நான் என் விரலைப் பார்த்தேன். கிண்ணத்தைப் பார்த்தேன். ரேகை என் விரலைவிடக் கொஞ்சம் சின்னது, அதில் ஒரு நிமிஷம் ஆறுதல்கூடப் பட்டேன். அப்புறம்தான் மண் காய்ந்து சுடும்போது சுருங்கும் என்பது ஞாபகம் வந்தது. என் மண் நூறுக்குத் தொண்ணூற்று மூன்றாகச் சுருங்கும், நானே அளந்து கொட்டகைச் சுவரில் எழுதிவைத்திருக்கிறேன். மையில் விரலைத் தோய்த்துப் பேப்பரில் வைத்து, மெயின் ரோட்டில் ஜெராக்ஸ் கடைக்குப் போய், இதைத் தொண்ணூற்று மூன்று பர்சென்டாகக் குறைத்து, ஊடே பார்க்கிற பிளாஸ்டிக் தாளில் எடுத்துக்கொடுங்கள் என்றேன். சொத்துப் பத்திரமா சார் என்று கேட்டார் கடைக்காரர். ஆமாம் என்றேன். திரும்பி வந்து ரேகையின் மேல் அந்தத் தாளை வைத்தேன். ஒரு கோடு விலகவில்லை.

நீங்கள் கேட்பதையெல்லாம் நானே கேட்டுப் பார்த்துவிட்டேன். பழைய கிண்ணம் ஏதாவது சூளையில் கிடந்திருக்கும் என்றால், போனில் இருக்கும் படத்தில் கீழ்த்தட்டு காலி. யாரோ விளையாடினார்கள் என்றால், அந்தத் தழும்பு கிண்ணம் வெடித்த பிறகு, அந்தக் கிண்ணத்தின் ஓட்டாலேயே எனக்கு வந்தது. ஆக அது என் கைதான். ஆனால் அன்றைக்கு இருந்த கை அல்ல. அந்தக் கிண்ணத்தை நான் இன்னும் செய்யவில்லை.

இசக்கியிடம் ரேகையைப் பற்றிச் சொல்லவில்லை, செண்பகத்திடமும் சொல்லவில்லை. எழுதுவதை நிறுத்திவிட்டேன். இப்போது காலையிலேயே சக்கரத்தில் உட்கார்ந்துவிடுகிறேன். உட்காருவதற்கு முன்னால் இசக்கிக்கு ஒரு போன், அவன் எடுத்து ஏதாவது கிண்டல் செய்ய வேண்டும், அப்புறம்தான் மண்ணைத் தொடுவேன். அதே அளவு, அதே வளைவு, அதே மெல்லிசு. வருவதில்லை. பாதி உயரத்தில் சுவர் தளர்ந்து படுத்துவிடுகிறது. தப்பித்தவறி நின்றால் கல்லாக இருக்கிறது. நான் அதைச் செய்யாமலே போய்விட்டால் அன்றைக்கு ஏழுக்குப் பதிலாக வெடித்தது எது, இசக்கி பிழைத்தது எப்படி என்று யோசித்தால் கை அவசரப்படுகிறது, அவசரப்பட்டால் மண் இன்னும் மோசமாகப் போகிறது. ஒருவேளை வந்தே விட்டால் பலகையில் இருக்கும் கிண்ணம் எப்படி அன்றைய சூளைக்குள் போய்ச் சேரும் என்பதை யோசிப்பதில்லை, அதை அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

போன ஞாயிற்றுக்கிழமை இசக்கி காலை இழுத்து இழுத்து நடந்து கொட்டகைக்கு வந்தான். நான் வைத்திருந்ததை எடுத்துப் பார்த்து, இது கிண்ணமா உரலா அண்ணாச்சி, இதுல மாவாட்டலாமே என்றான். சிரித்தேன். எதுக்கு இப்படி ஒரே சாமானப் போட்டு உயிர வாங்குதிய, வேற எதுனா செய்யுங்களேன் என்றான். பழகுறேன்டா என்றேன். அவன் டீயைக் குடித்து முடிக்கும்வரை அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் கிளம்பிப் போனதும் அந்த உரலை நசுக்கி, தண்ணீர் தெளித்து, பிசைந்து, மறுபடி சக்கரத்தின் நடுவில் வைத்தேன்.

இன்றைக்கும் வரவில்லை.